புளியங்குளத்தில் பார்த்த ஓர் எக்ஸ்ரே படம்

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்பவர்கள் ஓமந்தையைக் கடந்த பின்னர் புளியங்குளம் சந்தியை அடைவர். கிழக்கே நெடுங்கேணிக்குச் செல்லும் பாதை அங்கேதான் பிரிகிறது. 1997 மே 13ஆம் திகதி ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கிய பின்னர், மாதக்கணக்கில் நாள் தவறாமல் செய்திகளில் இடம்பெற்ற பெயர் இது. அந்நாட்களில் செய்திமேசையில் இருந்த நான் இந்த ஊரின் பெயரை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. எழுதிய செய்திகள் அனைத்திலும் எண்ணிக்கைகள் இருந்தன. மனிதர்களின் பெயர்கள் மிகச் சிலவே இருந்தன.

சில மாதங்களுக்கு முன்னர் உறவினர் ஒருவரைப் பார்ப்பதற்காக அவ்வூருக்குச் சென்றிருந்தேன். நான் பத்திரிகையில் இருந்தவன் என்று அறிந்து, அயல்வீட்டு மூதாட்டி ஒருவர் வந்து திண்ணையில் அமர்ந்தார். கையில் ஒரு பெரிய காகித உறை. அதற்குள் நெஞ்சு எக்ஸ்ரே படம் ஒன்று இருந்தது. 2005ஆம் ஆண்டில் அவருடைய மகனுக்கு நீண்ட நாள் இருமல். காசநோயாக இருக்குமோ என்று ஐயுற்று எடுத்த படம் அது. அப்போது மகனுக்கு இருபத்தேழு வயது. 2009 மே மாதத்துக்குப் பின்னர் மகனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. இடம்பெயர்ந்து சென்ற வழியெல்லாம் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றுடன் இந்தப் படத்தையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி அவர் காத்து வந்திருக்கிறார்.

"தம்பி, உது பழசு, எறியுங்கோ எண்டு எல்லாரும் சொல்லுகினம். நான் எறியேல்லை. இதில அவன்ர நெஞ்செலும்பு, தோளெலும்பு எல்லாம் தெரியுது. இப்ப அங்க இங்க தோண்டி எடுக்கிற எலும்புகளோட இதை வைச்சுப் பார்க்க ஏலுமோ?"

என்னால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. "விசாரிச்சுச் சொல்லுறன் அம்மா" என்று மட்டும் கூறிவிட்டு வந்தேன். திரும்பி வந்த பின்னர் கதிரியக்க வைத்திய நிபுணரான நண்பர் ஒருவரிடம் கேட்டேன், கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். அந்தத் தாயின் கேள்வி, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகாலக் கேள்வி ஒன்றின் கடைசி வரி என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு மனித உடல் இன்னொரு மனித உடலிலிருந்து எந்த அளவுக்கு வேறுபடுகிறது என்பதே அந்தக் கேள்வி.

நூலில் உள்ள உடல்

தமிழில் உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்றொரு சொல் வழங்கியது. பாதாதிகேசம் என்று அடி முதல் முடி வரை வருணிக்கும் மரபைக் கொண்ட மொழிக்கு இச்சொல் அந்நியமானது அன்று. இந்தப் பெயரிலேயே மேலைத்தேய உடற்கூற்றியலைத் தமிழில் நூலாகத் தந்தவர் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். 1822இல் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரில் பிறந்த அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறுவருடம் முதல் மானிப்பாயைத் தளமாகக் கொண்டு வைத்தியம் செய்தார்; மாணவர்களைப் பயிற்றுவித்தார்; பின்னர் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். ஹென்றி கிறே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்றியல் நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழில் வெளிவந்தது இவருடைய முயற்சியாலேயே. 1873இல் தாயகம் திரும்பிய கிறீன் 1884இல் காலமானார். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்றே தம் கல்லறையில் பொறிக்கச் செய்தவர் அவர். மானிப்பாயில் அவர் பெயரால் வைத்தியசாலை இன்றும் உள்ளது.

கிறேயின் மூலநூல் 1858இல் இலண்டனில் வெளியாயிற்று. அதன் படங்களை வரைந்தவர் ஹென்றி வன்டைக் காட்டர் என்ற இளம் வைத்தியர். நூல் வெளியான அதே ஆண்டில் அவர் இந்திய மருத்துவச் சேவையில் சேர்ந்து பம்பாய்க்கு வந்துவிட்டார். கிறேயும் காட்டரும் வெட்டி ஆராய்ந்த உடல்கள் யாருடையவை? 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றியல் சட்டத்தின்படி, இலண்டனின் வறியோர் இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் இறந்து, உரிமை கோர எவரும் வராத ஏழைகளின் உடல்களே அக்காலத்தில் மருத்துவக் கல்லூரிகளுக்குச் சென்றன. அவர்களுடைய பெயர்கள் நூலில் எங்கும் இல்லை. அந்த உடல்களிலிருந்து உருவானதே நூலின் மனித உடல். மானிப்பாய் மாணவன் மனனம் செய்ததும் அந்த உடலைத்தான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நூல் ஒரு உறுப்புக்குப் பொதுவாக ஒரு படத்தைத்தான் தர முடியும். சிறுநீரகம் ஒன்றுக்கு ஒரு குருதிக்குழாய் செல்வதாகப் படம் காட்டினால், மாணவன் எல்லாச் சிறுநீரகங்களுக்கும் ஒன்றே செல்லும் என்று எண்ணிக்கொள்வான். வேறுபாடுகளை உடற்கூற்றியலாளர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் அவை அடிக்குறிப்புகளிலும் சிறு எழுத்துப் பந்திகளிலும் ஒதுங்கியிருந்தன. பரீட்சைக்குப் படிப்பவன் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை என்பது எக்காலத்துக்கும் பொருந்தும் உண்மை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் இது மேலும் விளங்கும். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கலன் என்ற கிரேக்க வைத்தியர் குரங்குகளையும் பிற விலங்குகளையும் வெட்டிப் பார்த்து எழுதியவை, ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் மனித உடலின் உண்மைகளாகவே ஐரோப்பாவில் போதிக்கப்பட்டன. 1543இல் வெசாலியஸ் மனித உடலை வெட்டித் தம் கண்ணால் கண்டதைப் படங்களுடன் வெளியிட்டபோதுதான் அந்த மயக்கம் கலைந்தது. வெட்டப்பட்ட உடலும் நூலில் எழுதப்பட்ட உடலும் ஒன்றாக இல்லாதபோது, தவறு உடலில் இருப்பதாகச் சொன்னவர்களும் அன்று இருந்தார்கள்.

வேறுபாடு நோயன்று

சாதாரணமாக நடமாடும் மனிதர்களிடையே எத்தனை வேறுபாடுகள் உள்ளன என்பதை வாசகர்கள் அறிந்தால் வியப்படைவர். சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குருதிக்குழாய்கள் செல்வது ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் காணப்படுகிறது. மூளையின் அடியில் குருதிக்குழாய்கள் இணைந்து உருவாகும் வளையம், நூலில் உள்ளபடி முழுமையாக அமைந்திருப்பது பாதிப்பேருக்கும் குறைவானவர்களிடமே. இரு சிறுநீரகங்களும் அடிப்பகுதியில் ஒன்றிணைந்து குதிரை லாடம் போல் அமைவது ஐந்நூறு பேரில் ஒருவருக்கேனும் உண்டு. இதயமும் ஈரலும் இடம் வலம் மாறி அமைந்தவர்கள் பத்தாயிரம் பேரில் ஒருவர் அளவில் இருக்கிறார்கள். இவர்களிற் பெரும்பாலானோர் நோயாளிகள் அல்லர். தங்களிடம் அப்படியொரு வேறுபாடு இருப்பதை அறியாமலேயே வாழ்ந்து மறைகிறார்கள்.

ஆனால் கத்தி உள்ளே செல்லும்போது இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகிறது. எதிர்பாராத இடத்தில் ஓடும் ஒரு குருதிக்குழாயை அறியாமல் வெட்டிவிட்டால் விளைவு என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை முதன்முதல் வெற்றிகரமாகச் செய்யப்பட்டது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1971ஆம் ஆண்டில். இத்தகைய சிகிச்சைகளில் சிறுநீரகம் கொடுப்பவர் நோயற்றவர். அவருடைய உடலில் எத்தனை குழாய்கள், எங்கே உள்ளன என்பதை முன்கூட்டியே அறிவது வைத்தியரின் கடமை. முன்னர் அதற்குக் குருதிக்குழாயினுள் நுண்குழாய் செலுத்தி மருந்தேற்றிப் படமெடுக்க வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலும் சி.ரி. ஸ்கான் ஒன்றே அதைச் சொல்லிவிடுகிறது.

ஈரலுக்குச் செல்லும் குருதிக்குழாய்களின் கதை இன்னும் தெளிவானது. மைக்கல்ஸ் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் 200 சடலங்களை வெட்டி ஆராய்ந்து, அவற்றின் அமைப்பைப் பத்து வகைகளாகப் பிரித்து 1966இல் வெளியிட்டார். நூலில் உள்ள 'வழமையான' அமைப்பு அவற்றில் 55 சதவீதத்தில் மட்டுமே காணப்பட்டது. அதாவது ஏறத்தாழப் பாதிப்பேர் விதிவிலக்குகள். பாதிப்பேர் விதிவிலக்கு என்றால் விதி என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

மாட்டுமூளையுடன் பயணம் செய்தவர்

200 சடலங்களை வெட்டுவதென்பது ஒரு மனிதனின் ஆயுட்கால உழைப்பு. ஆயிரக்கணக்கானோரின் உள்ளுறுப்புகளை, அதுவும் உயிருடன் இருக்கும்போதே பார்ப்பதற்கு வழி திறந்தவர் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். அவர் வேலை செய்த ஈ.எம்.ஐ. நிறுவனத்தை உலகம் அன்று இசைத்தட்டு நிறுவனமாகவே அறிந்திருந்தது. ஒரு பொருளைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்தி, எவ்வளவு கதிர் மறுபக்கம் வந்து சேர்கிறது என அளந்து, அந்த அளவுகளைக் கணினியிலிட்டால், உள்ளே எந்தப் புள்ளியில் எவ்வளவு அடர்த்தி என்று கணக்கிட்டுவிடலாம் என்பது அவருடைய எண்ணம். இதற்கான கணிதத்தை அலன் கோமாக் என்ற பௌதிகவியலாளர் தனியாகவே ஆராய்ந்து 1963, 1964ஆம் ஆண்டுகளில் வெளியிட்டிருந்தார்.

பரிசோதனைக்காக ஹவுன்ஸ்பீல்ட் இறைச்சிக் கடையில் வாங்கிய மாட்டுமூளைகளைப் பையிலிட்டு இலண்டன் நகரப் பொதுப் போக்குவரத்தில் எடுத்துச் செல்வாராம். 1971 ஒக்டோபர் முதலாம் திகதி இலண்டனின் அற்கின்சன் மோளி வைத்தியசாலையில் முதலாவது நோயாளி, மூளையில் கட்டி இருப்பதாக ஐயுறப்பட்ட ஒரு பெண், ஸ்கான் செய்யப்பட்டார். படம் 80க்கு 80 கட்டங்களைக் கொண்டிருந்தது. ஆயினும் கட்டி தெளிவாகத் தெரிந்தது. 1979இல் ஹவுன்ஸ்பீல்டுக்கும் கோமாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நீருக்குச் சுழியம், காற்றுக்குச் சய ஆயிரம் என்று வைத்துக்கொண்டு உடலின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் தரும் அளவுகோல் இன்றும் ஹவுன்ஸ்பீல்டின் பெயரால் வழங்குகிறது.

வரைபடத்துக்கும் ஸ்கானுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். காட்டர் வரைந்தது ஓவியம். எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதை அவருடைய கை தீர்மானித்தது. ஸ்கான் தருவது எண்களின் பெருந்தொகுதி. அதை அளக்கலாம், எண்ணலாம், இன்னொருவரின் எண்களுடன் ஒப்பிடலாம். 2010இல் கொரிய ஆய்வாளர்கள் ஈரலுக்கும் இரைப்பைக்கும் செல்லும் குருதிக்குழாய்களின் அமைப்பை 5,002 பேரில் ஆராய்ந்து வெளியிட்டனர். மைக்கல்ஸ் வெட்டிய 200 உடல்களை எண்ணிப் பார்த்தால் இந்தத் தொகையின் பெருமை விளங்கும். 2023இல் சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக வைத்தியசாலையினர் 1,204 ஸ்கான்களைக் கொண்டு பயிற்றுவித்த கணினிச் செயலி ஒன்றை வெளியிட்டனர். உடலின் 104 பகுதிகளை அது தானாகவே பிரித்து அடையாளம் காணும்.

யாருடைய வழமை?

இங்கே ஒரு முக்கியமான விடயத்தைக் கவனிக்க வேண்டும். நெஞ்சுக்கான ஒரு சி.ரி. ஸ்கான், சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயைவிடப் பல பத்து மடங்கு கதிர்வீச்சைத் தருகிறது. ஆகவே நோயற்றவர்களை வரிசையில் நிறுத்தி ஆய்வுக்கென்று மட்டும் ஸ்கான் செய்வது முறையன்று. வேறு காரணங்களுக்காக எடுத்த ஸ்கான்களிலிருந்தே வழமையான உடலின் வேறுபாடுகளை ஆராய்கிறார்கள். விபத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கானில் சிறுநீரகக் குழாய்களை எண்ணலாம். இதனால் யாரிடம் ஸ்கான் இயந்திரம் இருக்கிறதோ, யார் அதற்குச் சென்று சேர முடிகிறதோ, அவர்களுடைய உடலே வழமை ஆகிவிடுகிறது.

1993 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒருவரின் உடல், அவர் முன்னரே தந்த சம்மதத்தின்படி, ஸ்கான் செய்யப்பட்டு, உறையவைக்கப்பட்டு, ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் சீவிச் சீவிப் படமெடுக்கப்பட்டது. மொத்தம் 1,871 படங்கள். 1994இல் வெளியான அந்தத் தொகுப்பு உலகெங்கும் மாணவர்களுக்கு மாதிரி உடலாயிற்று. அந்த மாதிரி மனிதருக்குக் குடல்வால் இல்லை. ஒரு பல்லும் இல்லை. மாதிரியாகத் தேர்ந்தெடுத்த உடலே நூலின்படி இல்லை என்பது சிந்திக்கத்தக்கது.

இது வெறும் கல்விப் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். ஐரோப்பாவில் புகலிடம் கோரும் இளைஞர் பதினெட்டு வயதைத் தாண்டியவரா, இல்லையா என்பதைத் தீர்மானிக்கச் சில நாடுகளில் மணிக்கட்டு எக்ஸ்ரேயும், காறை எலும்பின் சி.ரி. ஸ்கானும் பயன்பட்டு வந்துள்ளன. காறை எலும்பு என்பது தோளையும் நெஞ்சையும் இணைக்கும் எலும்பு. அதன் உட்புற முனையே உடலில் கடைசியாக முதிர்ச்சியடைவனவற்றுள் ஒன்று. மணிக்கட்டு எலும்புக்கு நெடுங்காலம் அளவுகோலாக இருந்த கிறுலிச்-பைல் என்ற படத்தொகுப்பு, அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரில் 1931 முதல் 1942 வரை எடுக்கப்பட்ட, வசதியான வெள்ளையினக் குடும்பத்துப் பிள்ளைகளின் படங்களால் ஆனது. கிளீவ்லன்டின் வசதியான பிள்ளையின் எலும்பு வளர்ந்த வேகத்தைக் கொண்டு, பட்டினியிலும் இடப்பெயர்விலும் வளர்ந்த ஒரு பிள்ளையின் வயதைக் கணிப்பது எவ்வளவு நியாயம்? புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் இக்கேள்வியின் கனத்தை உணர்வர்.

எலும்பு சொல்லும் பெயர்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன்.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். அந்தச் சிரசில், புருவத்துக்கு மேலே, நெற்றி எலும்பினுள் காற்றறைகள் உண்டு. குழந்தை பிறக்கும்போது இவை வடிவம் பெற்றிருப்பதில்லை; வளரும் பருவத்தில் மெல்ல உருவாகி இருபது வயதளவில் முழுமை பெறுகின்றன. சிலருக்கு அவை உருவாவதே இல்லை. உருவானவர்களிடம் அவற்றின் ஓரங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஒரே கருவில் உருவான இரட்டையரிடம்கூட வேறுபடுகின்றன. எக்ஸ்ரே படத்தில் தெரியும் இந்த வடிவத்தைக் கொண்டு ஒருவரை அடையாளம் காணலாம் என்று ஷுலர் என்ற கதிரியக்க வைத்தியர் 1921இல் கூறினார். 1927இல் கல்பேட், லோ என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள், இறந்தவர் ஒருவரின் தலை எக்ஸ்ரேயை அவர் உயிருடன் இருந்தபோது எடுத்த படத்துடன் ஒப்பிட்டு அவரை அடையாளம் கண்டதை வெளியிட்டனர்.

தலைக்கு மட்டுமன்று, நெஞ்சுக்கும் இது பொருந்தும். கொரிய யுத்தத்தில் இறந்து, அடையாளம் காணப்படாத அமெரிக்கப் படையினர் எண்ணூறுக்கு மேற்பட்டோர் ஹவாய்த் தீவின் பஞ்ச்போல் மயானத்தில் பெயரின்றிப் புதைக்கப்பட்டனர். புதைப்பதற்கு முன்னர் யப்பானின் கொக்குரா நகரில் எலும்புகளுக்கு இட்ட இரசாயனம் மரபணுப் பரிசோதனையை மிகவும் கடினமாக்கிவிட்டது. பல ஆண்டுகளின் பின்னர் ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். படையில் சேரும்போது காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அவ்விளைஞர்களுக்கு நெஞ்சுப் படம் எடுத்திருந்தார்கள். அந்தப் படச்சுருள்கள் அழியாமல் இருந்தன. நுரையீரலைப் பார்க்க எடுத்த படத்தின் மேற்பகுதியில் இரு காறை எலும்புகளும் கழுத்து, முதுகு முள்ளந்தண்டு எலும்புகளும் தெரிந்தன. எவரும் அவற்றுக்காகப் படம் எடுக்கவில்லை; ஆயினும் அவை பதிந்திருந்தன. காறை எலும்பின் ஓரங்களையும் வளைவுகளையும் ஒப்பிடும் முறை 2011இல் விரிவாக வெளியிடப்பட்டது. அதன் உதவியால், தாய் தந்தையர் மறைந்த பின்னராயினும், பலருக்குப் பெயர் மீண்டது.

புளியங்குளத்துத் தாயின் கையில் இருந்ததும் காசநோய்க்காக எடுத்த நெஞ்சுப் படமே. அதிலும் காறை எலும்புகள் தெளிவாகத் தெரிகின்றன.

இம்முறையில் சி.ரி. ஸ்கானின் பங்கு என்ன? கிடைத்த எலும்பை ஸ்கான் செய்தால் அது முப்பரிமாண உருவாகக் கணினியில் வந்துவிடும். பழைய படம் எந்தக் கோணத்தில் எடுக்கப்பட்டதோ அதே கோணத்துக்கு அந்த உருவைத் திருப்பி ஒப்பிடலாம். எலும்பைச் சேதப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இரண்டும் ஒத்திருக்கின்றன என்று கண்டால் மட்டும் போதாது. அத்தகைய வடிவம் மக்களிடையே எவ்வளவு அரிதானது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நூற்றுக்கு நாற்பது பேரிடம் காணப்படும் வளைவு எதையும் நிரூபிக்காது. ஆயிரத்தில் ஒருவரிடம் காணப்படும் வளைவு ஏறத்தாழப் பெயரையே சொல்லிவிடும். வழமையான வேறுபாடுகளை ஆயிரக்கணக்கான ஸ்கான்களில் எண்ணும் அந்தச் சலிப்பூட்டும் ஆய்வு இங்கேதான் தன் பயனைத் தருகிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ பல்கலைக்கழகத்தில், 2010 முதல் 2017 வரை இறந்த 15,000க்கு மேற்பட்டோரின் முழுவுடல் ஸ்கான்கள் ஆய்வாளர்களுக்கென்று தொகுக்கப்பட்டுள்ளன. இறந்தவர்களுக்குக் கதிர்வீச்சால் கேடு இல்லை. அத்தகைய தொகுப்பு ஒன்று எம் மக்களுக்கும் வேண்டாமா?

முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் மாதம் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 2024 ஜூலை வரை நடந்த அகழ்வில் 52 பேரின் எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. யாழ்ப்பாணம் செம்மணி, சித்துப்பாத்தியில் 2025ஆம் ஆண்டில் நடந்த அகழ்வுகளில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றுள் சிறுவர்களுடையனவும் இருந்தன. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதில் அமர்ந்திருந்த தாய்மார், தந்தையர் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டனர். அவர்களுடன் அவர்களின் குருதியும், அதாவது மரபணு ஒப்பீட்டுக்கான மிக நெருங்கிய சான்றும் மறைந்து போகிறது. வெப்பமும் ஈரமும் மிக்க மண்ணில் எலும்பினுள் இருக்கும் மரபணுவும் காலத்துடன் சிதைகிறது. நாள் செல்லச் செல்லப் பழைய படங்களின் பெறுமதி ஏறிக்கொண்டே போகிறது.

மிகைப்படுத்தவும் கூடாது. ஒரு நெஞ்சுப் படம் மட்டும் நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. வயது, உயரம், பல், பழைய முறிவு, உடைகள், மரபணு எனப் பலவும் சேர்ந்தே ஒரு முடிவைத் தரும். யாருடைய எலும்பு என்று அறிவதற்கு முன்னர், அந்த எலும்பு முறையாக அகழப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பிட்டுப் பார்க்கும் மனம் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு வேண்டும். விஞ்ஞானத்தால் முடியும் என்பது வேறு; அரசு செய்யும் என்பது வேறு. நாற்பது ஆண்டுகாலப் பத்திரிகை வாழ்க்கையில் நான் கற்ற பாடம் அது.

படங்களை எறியாதீர்கள்

எங்கள் வீடுகளில் பழைய எக்ஸ்ரே படங்களுக்கு என்ன நேர்கிறது என்பதை வாசகர்கள் அறிவர். சூரிய கிரகணம் வந்தால் பிள்ளைகள் அதனூடாக வானத்தைப் பார்ப்பார்கள். அது கண்ணுக்குக் கேடு என்பது வேறு கதை. படத்தில் வெள்ளி உண்டென்று பழைய சாமான் வாங்குபவர்கள் கேட்டு வருவார்கள். எஞ்சியவை பரணில் ஒட்டிப் பிடித்துக் கிடக்கும். புலம்பெயர்ந்து செல்லும்போது அல்பம் பயணப்பெட்டிக்குள் போகும். எக்ஸ்ரே படம் குப்பைக்குப் போகும்.

காணாமற்போன ஒருவரின் நெஞ்சு, தலை, பல், கை கால் எதனுடைய படமாயினும் இருந்தால் அதை எறியாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளாதபடி இடையில் வெள்ளைத்தாள் வைத்து, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் தட்டையாக வையுங்கள். படத்தின் மூலையில் பெயரும் திகதியும் எழுதப்பட்டிருந்தால் அந்த மூலையை வெட்டிவிடாதீர்கள். வெளிச்சத்தின் முன் பிடித்துப் புகைப்படம் எடுத்து ஒரு பிரதியை வெளிநாட்டில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். மூலத்தை எவரிடமும் கையளிப்பதாயின் எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பல் வைத்தியரிடம் சென்ற நினைவு, சிறுவயதில் கை முறிந்த நினைவு, உடலில் தங்கிவிட்ட செல் துண்டு பற்றிய நினைவு ஆகியவற்றையும் இருப்பவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

வைத்தியசாலைகளுக்கும் மருத்துவ பீடத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் பிற இடங்களிலும் வெவ்வேறு நோய்களுக்காக ஸ்கான்கள் எடுக்கப்படுகின்றன. நோயாளியின் சம்மதத்துடன், பெயரை நீக்கி, அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தால் எம் மக்களின் உடல் எப்படியெல்லாம் வேறுபடுகிறது என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். சத்திரசிகிச்சைக்கும் அது உதவும். மண்ணுக்குள் இருப்பவர்களுக்கும் உதவும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் மானிப்பாயில் ஓர் அந்நியர் இலண்டன் ஏழைகளின் உடலைத் தமிழில் எழுதித் தந்தார். எங்கள் உடலை நாங்களே எழுதும் வேலை எஞ்சியிருக்கிறது.

நூலில் உள்ள அந்தப் பொது உடலுக்குப் பெயர் இல்லை. அது எல்லோருக்கும் பொருந்தும். ஆகவே எவருக்கும் உரியதன்று. ஒருவரை அவராகக் காட்டுவது அவரிடம் உள்ள வேறுபாடே. காறை எலும்பின் ஒரு சிறு வளைவு, நெற்றிக்குள் ஒரு காற்றறையின் ஓரம். தாய்மார் இதை வைத்தியர்களுக்கு முன்னரே அறிந்தவர்கள். கூட்டத்தில் பின்பக்கமாக நடந்து போகும் பிள்ளையைத் தோளின் சாய்வைக் கொண்டே அடையாளம் காண்பவள் தாய்.

போன வாரம் உறவினரின் தொலைபேசி வழியாக அந்த அம்மாவுடன் பேசினேன். அறிந்தவற்றையெல்லாம் இயன்றவரை எளிமையாகச் சொன்னேன். ஏலும், ஆனால் நிச்சயம் சொல்ல முடியாது என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அப்ப எறியாமல் விட்டது சரிதான் என்ன தம்பி" என்றார்.

"சரிதான் அம்மா" என்றேன்.